வெளுத்துப் பாசி பிடித்த மான்கொம்பு: பிளீச்சில் ஊறப்போடலாமா?

ஏப்ரல் 6

கேள்வி: ஒன்டாரியோவில் இருக்கிறேன். பனி உருகியதும் பண்ணை வேலியோரம் வெள்ளைவால் மானின் உதிர்ந்த கொம்பு இரண்டு கிடைத்தன. நிலத்துக்காரர் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஒன்று சுண்ணாம்பு வெள்ளை, மேல்பக்கம் பச்சைப் பாசி, நீளவாக்கில் வெடிப்பு. மற்றது சாம்பல் கலந்த வெள்ளை, பார்க்கக் கெட்டியாக இருக்கிறது, ஒரு கிளையின் முனையை ஏதோ கடித்துத் தின்றிருக்கிறது. வாளித் தண்ணீரில் பிளீச் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவைத்து, மிச்சத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வந்துவிடும் என்கிறார்கள் வீட்டில். சரிதானே? பழுப்பு நிறம் திரும்ப வர என்ன செய்வது?

ஏப்ரல் 6, இரவு

இரண்டுமே வேண்டாம். வாளியைக் கவிழ்த்துவிட்டு மேலே படியுங்கள்.

மான்கொம்பு முழுக்க எலும்பு. மாட்டுக்கொம்பில் இருப்பது நகத்தின் வகையைச் சேர்ந்த கெரட்டின் உறை, அது வேறு. எலும்பு என்றால் இரண்டு சரக்கு: கால்சியம் பாஸ்பேட் தாது, அதைக் கட்டிப்பிடித்திருக்கும் கொலாஜன் என்ற புரத நார். பிளீச் புரதத்தைத் தின்னும். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் தாதுவைக் கரைக்கும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி சரி, ஏனென்றால் அங்கே போவது மேலே படிந்த களிம்பு. இங்கே போவது கொம்பே.

பிளீச் ஈரம் காயாத கொம்பில் புளியோ வினிகரோ பட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் இதைச் செய்வது கொம்புக்கு மட்டுமல்ல, நுரையீரலுக்கும் கேடு.

கொதிக்கவைப்பதும் கூடாது. சூட்டில் கொலாஜன் ஜெலட்டினாக மாறித் தண்ணீரோடு போய்விடும். ஆட்டுக்கால் சூப் கெட்டியாவது அதனால்தான்.

ஏப்ரல் 7

எது எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் பிரிக்க வேண்டும். வட அமெரிக்காவில் உதிர்ந்த கொம்பு வாங்குகிறவர்கள் மூன்று ரகம் சொல்வார்கள்: பிரவுன், ஹார்ட் வைட் (கெட்டி வெள்ளை), சாக் (சாக்பீஸ் போன்றது). பிரவுன் அந்த வருஷம் விழுந்தது. ஹார்ட் வைட் என்பது வெயிலில் நிறம் போனாலும் கெட்டியாக இருப்பது. சாக் என்றால் கொலாஜன் பெரும்பாலும் போய், தாது மட்டும் மிஞ்சி, தொட்டால் மாவு ஒட்டுவது.

கருவி எதுவும் வேண்டாம். பின்பக்கம் மண்ணில் கிடந்த இடத்தையும் மேல்பக்கம் வெயில் பட்ட இடத்தையும் தனித்தனியாகச் சோதியுங்கள், இரண்டும் ஒரே நிலையில் இருக்காது. நகத்தால் கீறுங்கள்: கோடு விழுந்து வெள்ளைப் பொடி வந்தால் சாக். ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள்: சாக் உடனே உறிஞ்சிவிடும், கெட்டி வெள்ளையில் சொட்டு சற்று நேரம் நிற்கும். மரக்கரண்டியால் தட்டுங்கள்: கெட்டியானது கணீரென்று சொல்லும், சாக் ‘டொக்’.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் முதலாவது சாக், இரண்டாவது ஹார்ட் வைட். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. முதலாவதைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவருவதைவிட, இனி உதிராமல் நிறுத்துவதே வேலை.

கடித்த முனையைக் கிட்டத்தில் பாருங்கள். ஜோடி ஜோடியாக இணைக்கோடுகள் தெரிந்தால் அணில், எலி, முள்ளம்பன்றி வகை. கால்சியமும் பாஸ்பரசும் வேண்டி வந்து சுரண்டுபவை. கோடு ஊசிக்கனம் என்றால் எலி, உளி போட்டது போல அகலமாக இருந்தால் முள்ளம்பன்றி. எனக்கென்னவோ அந்தத் தடத்தை அப்படியே விட்டுவைப்பதுதான் அழகு. ஆனால் கொம்பு உங்களுடையது.

ஏப்ரல் 7, மாலை

பூச்சி பற்றிக் கேட்டவருக்கு: உதிர்ந்த கொம்பில் வண்டு தின்ன ஒன்றும் இருக்காது. மண்டையோட்டுத் துண்டோடு கிடைத்ததில், காய்ந்த தோல், தசை ஒட்டியிருந்தால் டெர்மெஸ்டிட் வண்டுகள் குடியிருக்கும். பிளாஸ்டிக் பையில் காற்று போகாமல் கட்டி, வீட்டு உறைபெட்டியில் (மைனஸ் 18 டிகிரி) இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் கொம்பு மேலேயே வியர்த்து ஈரமாகிவிடும்.

ஏப்ரல் 8

சுத்தம் செய்வது. கெட்டி வெள்ளைக்கு முதலில்.

காய்ந்த நிலையில் ஆரம்பியுங்கள். ஈர மண் கரைந்து நுண்துளைக்குள் போய்விட்டால் திரும்பி வராது. நைலான் பிரஷ், பழைய டூத் பிரஷ், மூங்கில் குச்சி போதும். அதிக நேரம் பிடிக்கும் இடம் அடிவட்டம், அதாவது தலையிலிருந்து கழன்ற இடத்தைச் சுற்றியிருக்கும் முண்டு முண்டான வளையம். அதன் குழிகளில் களிமண், இலைத்தூள், சிலந்திக்கூடு எல்லாம் இறுகிக் கிடக்கும். பிரஷ் உள்ளே போகாது. குச்சி முனையைச் சீவி ஒவ்வொரு குழியாகக் கிளற வேண்டும்.

பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு லிட்டருக்குப் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு மூன்று சொட்டு. முக்காதீர்கள். பிரஷை நனைத்து உதறிவிட்டு, கையகல இடமாகத் தேய்த்து, நுரையை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அடுத்த இடம். முழுக் கொம்புக்கும் கால் மணி நேரத்துக்கு மேல் ஈரம் படக்கூடாது. நடுவில் பஞ்சு மாதிரி எலும்பு இருக்கிறது. கழன்ற முகமும் உடைந்த முனையும்தான் தண்ணீர் உள்ளே போகும் வாசல். அந்த இடங்களில் தண்ணீர் காட்டாமல் வறண்ட பிரஷோடு நிறுத்துங்கள்.

பச்சைப் பாசி இதிலேயே போய்விடும். லைக்கன், அதான் சாம்பலும் மஞ்சளுமாகப் பொருக்குப் போல ஒட்டியிருப்பது, போகாது. ஈரத்துணியை அதன் மேல் மட்டும் அரை மணி நேரம் சுற்றிவையுங்கள். ஊறிப் புடைத்ததும் மூங்கில் குச்சியைப் படுக்கவைத்துத் தள்ளினால் தகடாக உரியும். கத்தி போட்டால் கொம்பின் மணிமணியான மேல்தோலும் சேர்ந்து வரும்.

ஏப்ரல் 8, பின்குறிப்பு

கம்பி பிரஷ் கூடாது, வெள்ளைக் கொம்பில் சாம்பல் கோடு விழும். கார் கழுவும் பிரஷர் வாஷரும் கூடாது. மணி போய் வழவழப்பாகிவிட்டால் அது மான்கொம்பு மாதிரி செய்த பிளாஸ்டிக் போலத்தான் இருக்கும்.

ஏப்ரல் 9

சாக் கொம்புக்குத் தண்ணீர் கிட்டவே வரக்கூடாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. ஓட்டமாகத் தண்ணீர் விடக்கூடாது. ஆனால் பாசியின் வேர் போன்ற இழைகள் வெடிப்புக்குள் இறங்கியிருக்கும், வறண்டு இழுத்தால் வெடிப்பின் ஓரம் பெயர்ந்து வரும். பிழிந்த பஞ்சால் அந்தப் பாசியை மட்டும் நனைத்து, தளர்ந்ததும் இடுக்கியால் வெடிப்பின் திசையிலேயே இழுங்கள். குறுக்கே இழுக்காதீர்கள். மற்ற இடத்துக்கு மென்மையான பெயின்ட் பிரஷால் தூசு தட்டுவது போதும்.

ஏப்ரல் 9, இரவு

காயவைப்பது. இங்கேதான் அதிகம் கெடும்.

வெயில் ஆகாது, ஹீட்டர் வாய் ஆகாது, ஹேர் டிரையர் கூடவே கூடாது. மேல்பகுதி சுருங்கி உள்பகுதி ஈரமாக இருந்தால் நீளவாக்கில் பிளக்கும். நிழல், காற்றோட்டம், கீழே கம்பி வலை. எப்போது காய்ந்தது என்று கையால் தொட்டுச் சொல்ல முடியாது. சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். மூன்று நாளுக்கு ஒரு தரம் நிறுத்து, அடுத்தடுத்து இரண்டு எடை ஒன்றாக வந்தால் காய்ந்தது. மண்ணில் புதைந்து கிடந்ததற்கு மூன்று நான்கு வாரம் ஆகலாம். அவசரப்பட்டு ஈரத்தின் மேல், உதிராமல் கட்டும் ரெசின் (பிசின்) பூசினால் பால் தெளித்தது போல வெள்ளை படரும்.

ஏப்ரல் 11

ஹைட்ரஜன் பெராக்சைடு? அது மண்டையோட்டை வெளுக்கப் பயன்படுத்துவது, 3 சதவீதக் கரைசல். கொம்போடு சேர்ந்த மண்டையோட்டை வெளுக்கும்போது கொம்பின் அடிவட்டம் வரை பிளாஸ்டிக் சுற்றி டேப் ஒட்டுவார்கள், கொம்பின் பழுப்பு போய்விடும் என்பதற்காக. வெளுத்த கொம்பை மேலும் வெளுத்து என்ன செய்யப்போகிறீர்கள்?

ஏப்ரல் 12

நிறம். பழுப்பு கொம்புக்குள் ஊறிய நிறமல்ல. கொம்பு வளரும்போது அதை மூடியிருக்கும் தோல் உரியும் காலத்தில் மான் கொம்பை மரத்தில், புதரில் உரசுகிறது. ரத்தக்கசிவு, மரப்பட்டைச் சாறு, அழுக்கு எல்லாம் மேல்பரப்பில் ஏறிக் காய்ந்ததுதான் அந்தப் பழுப்பு. அதனால்தான் வெயில் அதைச் சுலபமாக எடுத்துவிடுகிறது, அதனால்தான் நாமும் திரும்பப் பூச முடிகிறது. இயல்பான கொம்பில் அடிவட்டம் கறுத்திருக்கும், பள்ளம் கருமை, மேடு வெளிர், கிளை முனைகள் உரசி உரசித் தந்தம் போல வெளுத்திருக்கும். ஒரே சீராகப் பழுப்படித்தால் கதவுக் கைப்பிடி ஆகிவிடும்.

விலங்குகளைப் பாடம் செய்பவர்களின் பழைய முறை பொட்டாசியம் பெர்மாங்கனேட். நம்மூரில் கிணற்றில் போடும் ஊதா மருந்தேதான். கனடாவில் இரும்பு நீக்கும் தண்ணீர் வடிகட்டிக்கு விற்பார்கள். கால் டீஸ்பூன் 250 மில்லி வெதுவெதுப்பான நீரில், கண்ணாடிப் பாத்திரத்தில், கையுறையோடு. பிரஷால் பூசினதும் ஊதாவாக இருக்கும், பயப்படாதீர்கள். கொலாஜனோடு வினைபுரிந்து மாங்கனீஸ் டைஆக்சைடாகி, சில நிமிடத்தில் பழுப்பாகும். காய்ந்த பிறகு அடுத்த பூச்சு. இரண்டு மூன்று மெல்லிய பூச்சில் வருவது ஒரே கெட்டிப் பூச்சில் வராது. கடைசியில் முனைகளையும் மேடுகளையும் 0000 எண் ஸ்டீல் வுல்லால் வறட்சியாகத் தேய்த்து வெளிறவிடுங்கள். ஈரத்தில் தேய்த்தால் உதிரும் கம்பித்தூள் துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாக நிற்கும்.

அந்தப் படிகத்தின் கிட்டே கிளிசரின், ஆன்டிஃப்ரீஸ் வேண்டாம், தானாகத் தீப்பிடிக்கும். விரல் பழுப்பானால் எலுமிச்சைச் சாறு. எலுமிச்சைக்கு இந்த இழையில் கிடைத்த ஒரே வேலை.

ஏப்ரல் 13

மேலே எழுதியது ஹார்ட் வைட்டுக்கு மட்டும். யாரோ சாக் கொம்பில் பூசிவிட்டு, ‘திட்டுத் திட்டாக இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறார். அப்படித்தான் இருக்கும். பெர்மாங்கனேட்டுக்கு வினைபுரியக் கொலாஜன் வேண்டும். சாக்கில் அது ஓரிடத்தில் இருக்கும், ஓரிடத்தில் இருக்காது. மண்பக்கம் கறுக்கும், வெயில்பக்கம் காவி நிறத்தில் நிற்கும். தவிர, அது தண்ணீர்க் கரைசல், சாக்குக்கு ஆகாது. ஆக வரிசை இது: கெட்டி வெள்ளைக்கு நிறம் முதலில், பிறகு மெழுகு, ரெசின் தேவையில்லை. சாக்குக்கு ரெசின் முதலில், அதன் மேல் ஆயில் கலர்.

ஏப்ரல் 13, தொடர்ச்சி

ரெசின். அருங்காட்சியகங்களில் எலும்புக்கும் புதைபடிவத்துக்கும் பயன்படுத்தும் பாரலாய்டு பி-72. கண்ணாடி மணி போலக் கிடைக்கும் அக்ரிலிக், அசிட்டோனில் கரையும். பெரிய குணம், பின்னால் வேண்டாம் என்றால் அசிட்டோனாலேயே எடுத்துவிடலாம்.

10 கிராம் மணிகளை மெல்லிய துணியில் முடிந்து, 200 மில்லி அசிட்டோன் இருக்கும் கண்ணாடி ஜாடியில் தொங்கவிட்டு மூடிவையுங்கள். மறுநாள் கரைந்திருக்கும். அடியில் சும்மா கொட்டினால் ஒரே கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இது 5 சதவீதம். ஆரம்பத்திலேயே 10, 15 என்று போகாதீர்கள், மேலேயே ஓடு கட்டிவிடும், உள்ளே மாவு மாவாகவே இருக்கும்.

பிரஷால் தொட்டுத் தொட்டு வையுங்கள், இழுத்துப் பூசினால் பொடி பிரஷோடு வரும். வெடிப்பில் சொட்டு மருந்துக் குழாயால் விடுங்கள். உறிஞ்சும்வரை விட்டுக்கொண்டே போய், மேலே ஈரம் தங்க ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். பிறகு அலுமினியத் தாளால் தளர்வாகக் கூடாரம் போட்டு மூடுங்கள். அசிட்டோன் வேகமாக ஆவியானால் ரெசினையும் மேற்பரப்புக்கு இழுத்துவந்து பளபளக்கவைக்கும். மெதுவாகப் போனால் ரெசின் உள்ளேயே தங்கும். மறுநாள் நகத்தால் கீறிப் பாருங்கள். பொடி வந்தால் இன்னொரு சுற்று.

வேலை திறந்தவெளியில். அசிட்டோன் ஆவி தரையோடு படர்ந்து, கேஸ் ஹீட்டரில் அணையாமல் எரியும் பைலட் தீபத்தை எட்டும். வாட்டர் ஹீட்டர் இருக்கும் நிலவறையில் செய்யவே கூடாது.

ஏப்ரல் 14

‘ஃபெவிகால் தண்ணீர் விட்டுப் பூசினால் போதாதா, அதுவும் பசைதானே?’ போதாது. தண்ணீரில் கலந்த வெள்ளைப் பசை சாக் கொம்பை நனைத்து வீங்கவைக்கும், மேலே தோலாக நிற்கும், நாளாக மஞ்சளிக்கும். காயவே வழியில்லாத ஈர எலும்பைப் பிடித்துவைக்க அதைப் பயன்படுத்துவது உண்டு. நம்மிடம் காயவைக்க நேரம் இருக்கிறதே.

ஆளி விதை எண்ணெய் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பூசின அன்று அருமையாக இருக்கும். பஞ்செலும்புக்குள் போனது சரியாகக் காயாமல் பிசுபிசுத்து, தூசு சேர்த்து, கறுத்துவிடும். எண்ணெய்த் துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால் தானே சூடாகிப் பற்றிக்கொள்ளவும் செய்யும். தேங்காய் எண்ணெய் என்று எழுதியவருக்குப் பதில் இல்லை.

ஏப்ரல் 15

சாக் கொம்புக்கு நிறம்: ரெசின் நன்றாகக் காய்ந்து ஒரு வாரம் கழித்து, ஓவியர்களின் ஆயில் கலரில் ரா அம்பர் இரண்டு பங்கு, பர்ன்ட் சியன்னா ஒரு பங்கு. மினரல் ஸ்பிரிட்டில் தேநீர்ப் பதத்துக்கு நீர்த்துப் பூசி, துணியால் மேட்டிலிருந்து துடைத்துவிடுங்கள். பள்ளத்தில் தங்குவது தங்கட்டும். அசிட்டோன் இருக்கும் எதையும் இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள், கீழே இருக்கும் ரெசின் கரைந்து எல்லாம் சேறாகும்.

டீ டிகாக்‌ஷன், காபித்தண்ணீர் எல்லாம் பூசிப் பார்க்கலாம். சாயம் பிடிப்பது போல இருக்கும், ஜன்னலோரம் மாட்டினால் வெளுத்துப்போகும்.

ஏப்ரல் 17

உடைந்த முனையைக் கட்ட வேண்டும் என்றால்: இரண்டு பங்கு எபாக்ஸி புட்டி. நம்மூர் எம்-சீல் ஜாதிதான், ஆனால் மெதுவாக இறுகும் ரகம் வாங்குங்கள், உருவம் பிடிக்க இரண்டு மணி நேரமாவது கையில் இருக்க வேண்டும். உடைந்த முகத்தில் 2 மி.மீ. துளை, ஒரு அங்குல ஆழம், அதில் பித்தளைக் கம்பியை எபாக்ஸி பசையால் நட்டு, அதன் மேல் புட்டி. இரும்புக் கம்பி வேண்டாம், துரு வெளியே கசியும். மேல்தோலின் மணிமணியான தோற்றம் வர, அதே கொம்பின் நல்ல பகுதியில் டால்க் பவுடர் தடவி, புட்டியை அழுத்தி அச்செடுத்து, அது இறுகியதும் புதுப் புட்டியில் பதியுங்கள். மறுநாள் தேய்த்து, அக்ரிலிக் வண்ணம். சேர்த்த முனையை அசலைவிட ஒரு நூல் சிறிதாக வையுங்கள். பெரிதானால் கண் நேராக அங்கேதான் போகும்.

துளை போடும்போதும் தேய்க்கும்போதும் மயிர் கருகும் வாடை வரும், அதுதான் கொலாஜன். தூசு நுரையீரலுக்கு ஆகாது. என்95 முகக்கவசம், முடிந்தால் ஈரத்தாளோடு தேய்ப்பு (கெட்டி வெள்ளைக்கு மட்டும்). மான்களுக்கு வரும் சிடபிள்யூடி (மூளையை அழிக்கும் தொற்று) நோய் உள்ள பகுதியில், மண்டையோட்டோடு கிடைத்ததை அறுக்கவே வேண்டாம். மூளைத்திசு ஒட்டிய எலும்பை எல்லை தாண்டிக் கொண்டுபோகப் பல மாகாணங்களில் தடை உண்டு. முழுதாகச் சுத்தம் செய்த மண்டைத் தகட்டுக்கும் உதிர்ந்த கொம்புக்கும் விதி வேறு.

ஏப்ரல் 18

‘கோடைக்கானல் பக்கம் கடமான் கொம்பு கிடக்கிறது, இதே முறை சரிவருமா?’ முறை சரிவரும், எடுப்பது சரிவராது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மான்கொம்பும் விலங்குப் பாகம்தான். தானாக உதிர்ந்தது என்ற சமாதானம் செல்லாது. புள்ளிமான் ஐஐடி வளாகத்தில் உங்கள் காலடியிலேயே உதிர்த்துவிட்டுப் போனாலும் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பாட்டன் காலத்துக் கொம்பு சுவரில் இருந்தால் உரிமைச் சான்றிதழைத் தேடுங்கள். வாரிசாக வந்தால் 90 நாளுக்குள் தலைமை வனஉயிரினக் காப்பாளரிடம் அறிவிக்க வேண்டும். விற்க முடியாது. ஒன்டாரியோ கொம்பை ஊருக்குப் பெட்டியில் போட்டுவருவதும் வேண்டாம். அது எந்த நாட்டு மான் என்று சுங்க மேசையில் நின்று விளக்குவது உங்கள் தலைவலி.

வட அமெரிக்காவிலும் எல்லா இடமும் திறந்த வீடல்ல. தேசியப் பூங்காக்களில் எடுக்கக்கூடாது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் பொதுநிலத்தில் ஜனவரி முதல் ஏப்ரல் முடியத் தடை. குளிரில் மெலிந்து கிடக்கும் மானை ஆள் நடமாட்டம் விரட்டி ஓடவைத்தால் அது பிழைக்காது என்பதற்காக.

ஏப்ரல் 18, இரவு

நாய்க்குக் கொடுக்கலாமா? ரெசின், சாயம், மெழுகு எது பட்டிருந்தாலும் கூடாது. ஒன்றும் படாத சாக் கொம்பு சிலும்பு சிலும்பாக உடையும், கெட்டிக் கொம்பு பல்லை உடைக்கும். பந்து வாங்கிக் கொடுங்கள்.

ஏப்ரல் 20

மெழுகு. ரினைசான்ஸ் வாக்ஸ், 1950-களில் பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவானது, அல்லது எந்த மைக்ரோகிறிஸ்டலின் மெழுகும். நிறமும் ரெசினும் முழுக்கக் காய்ந்த பிறகு. துணியில் பட்டாணி அளவு எடுத்து மெல்லிசாகத் தடவி, சில நிமிடத்தில் துடைத்து மெருகேற்றுங்கள். அதிகம் வைத்தால் பள்ளத்தில் வெள்ளையாகத் தங்கும், டூத் பிரஷால் எடுக்க வேண்டிவரும். பாலியூரிதேன் வார்னிஷ் அடித்தவற்றை ஹோட்டல் வரவேற்பறையில் பார்த்திருப்பீர்கள், அத்தனையும் பாகில் முக்கின மாதிரி.

மெழுகு பூசிவிட்டால் வெளியே வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். வயோமிங்கின் ஜாக்சன் ஊர்ச் சதுக்கத்தில் எல்க் என்ற பெரிய மானின் கொம்புகளால் கட்டிய வளைவுகள் நான்கு இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் அடுக்கியவை. அவற்றையே வெயிலும் பனியும் தின்று, பிரித்துப் புதுக் கொம்பு போட்டுத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. வீட்டுக்குள், வெயில் நேராகப் படாத சுவர், கணப்புக்கு மேலே வேண்டாம்.

ஏப்ரல் 26

கேட்டவர் படம் போட்டிருக்கிறார். சாக் கொம்பில் ரெசின் நன்றாக ஏறியிருக்கிறது. அடிவட்டத்துக்கு மேலே மினுங்குவது மிச்ச ரெசின். ஆயில் கலர் பூசுவதற்கு முன்னால் அசிட்டோனில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் ஒரே ஒரு தரம் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். நடுக்கிளையின் அடியில் இன்னும் ஒரு வெடிப்பு வாய்பிளந்து இருக்கிறது. அதைப் புட்டியால் அடைக்காதீர்கள். பருவத்துக்குப் பருவம் அது விரிந்து சுருங்கும், இறுகிய புட்டி ஆப்பு மாதிரி நின்று பக்கத்தில் பிளக்கவைக்கும். 10 சதவீத ரெசின் இரண்டு சொட்டு உள்ளே விட்டு, அப்படியே விடுங்கள்.